மஞ்சள் பட்டை சைக்கிளைப் போலீஸ் பிடிக்காது

திண்டிவனத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த காலத்தில் நான் போலீசுக்குத் துப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்த ஊரில் துப்புச் சொன்னவர்கள் பல பேர். கை கால் முழுசாக இருந்து அதை வெளியே சொல்கிறவன் நான் ஒருவன்தான்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை நான். ஒலக்கூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாற்றுத் துணி இல்லாமல் திண்டிவனம் வந்து, மூட்டை தூக்கி, ஓட்டை சைக்கிள் ஒன்று வாங்கி, அதை வாடகைக்கு விட்டு, அதன் வாடகையில் அடுத்ததை வாங்கினேன். யாரும் கைதூக்கி விடவில்லை. வண்டியில் கடைப் பெயர் எழுத ஆள் வைக்க வசதி இல்லாததால் பின் மட்கார்டில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பட்டை அடித்துவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் அது என் வண்டி என்று தெரியும். இந்த யோசனை பிற்பாடு என்னைக் கொல்லப் பார்த்தது. ஆனாலும் அது நல்ல யோசனைதான்.

அது மதுவிலக்குக் காலம். நம் பக்கம் ஒரு சொட்டு கூடாது. பாண்டிச்சேரியில் கடை திறந்தே இருந்தது. அங்கே வெள்ளைக்காரன் கொடி இறங்கிய பிறகும் சாராயக் கடை மூடவில்லை. கோட்டக்குப்பத்தில் சோதனை பலமாக இருந்ததால் சரக்கு பனந்தோப்பு வழியாகச் சுற்றி வரும். லாரி டியூபில் சாராயத்தை நிரப்பி, இரண்டு முனையையும் கட்டி, உடம்பில் சுற்றிச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். இல்லாவிட்டால் சைக்கிள் கேரியரில் வைத்து மேலே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டையைப் போட்டுக் கட்டிவிடுவார்கள். பனங்கருக்கு குத்தினால் டியூப் ஓட்டையாகும். ஓட்டையான டியூப் பஞ்சர் ஒட்ட என்னிடம்தான் வரும். லாரி இல்லாதவன் லாரி டியூபை எடுத்துக்கொண்டு வந்தால் அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? இன்று ஒட்டிக்கொண்டு போனால் நாளைக்குச் சரக்கு வரும்.

நானாகப் போய் போலீஸ் வாசலில் நிற்கவில்லை. கிளியனூர் ரோட்டில் என் வாடகை வண்டி ஒன்று சாராயத்தோடு பிடிபட்டது. ஓட்டியவன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சின்ன வயசுக்காரர், ஒல்லியான ஆள், சத்தம் போட்டே பேச மாட்டார்.

"வண்டி யாருது?"

"என்துதாங்க."

"சாராயம்?"

"அது என்துது இல்லிங்க."

"வண்டி உன்துது, அதுல இருக்கற சாராயம் உன்துது இல்ல. சரி. குத்தவாளியா எழுதிக்கட்டுமா, நம்ம ஆளா வெச்சிக்கட்டுமா?"

கோர்ட்டுக்குப் போன சைக்கிள் எப்படித் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். செயின் துருப்பிடித்து, சீட்டில் எலி குட்டி போட்டிருக்கும். நான் அவர்கள் ஆளானேன்.

காசுக்குத்தான் துப்புச் சொல்கிறார்கள் என்று ஊரில் நினைப்பார்கள். என்னைப் போல மாட்டிக்கொண்டு சொன்னவர்கள்தான் பாதிக்கு மேல். பங்காளி கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைக்கவில்லை என்ற கோபத்தில் பங்காளியின் சாராய ஊறலைக் காட்டிக்கொடுத்த ஒரு சம்சாரியை எனக்குத் தெரியும். ஒரு அம்மா தன் வீட்டுக்காரர் குடிக்கிற இடத்தைத் தானே போய் ஏட்டிடம் சொல்லிவிட்டு, "பாத்து அடிங்க சாமி, நாளைக்கு அறுப்புக்குப் போவணும்" என்று கேட்டுக்கொண்டதை நானே பார்த்தேன். எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது. பிடிபட்டவர்கள் எல்லாம் கூலிக்குச் சுமந்தவர்கள். சரக்குக்குச் சொந்தக்காரர் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. அவர் ஒரு நாளும் பிடிபடவில்லை.

எனக்கு முன்னால் துப்புச் சொன்னவர் என் கடைக்கு எதிர்ப்பக்கம், பஸ் நிலையத்தை ஒட்டி டீக்கடை வைத்திருந்தார். அவர் சொல்லி ஒரு இடத்தில் போலீஸ் போய்ச் சரக்கைப் பிடித்தது. மறுநாள் காலை கடை நிறைய ஆள் இருக்கும்போது ஒரு கான்ஸ்டபிள் வந்து, "இன்னாய்யா, மூணு டியூபுன்னு சொன்ன, ரெண்டுதான இருந்துச்சி?" என்று கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். அந்த வாரமே டீக்கடைக்காரரின் இரண்டு மணிக்கட்டும் உடைந்தன. புளியமரத்திலிருந்து விழுந்ததாக ஸ்டேஷனில் எழுதினார்கள். அவர் ஜென்மத்தில் மரம் ஏறியவர் இல்லை. அதற்குப் பிறகு அவரால் கிளாசைப் பிடிக்க முடியவில்லை. மனைவி டீ ஆற்ற, அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஆகவே நான் முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டேன். என்னிடம் எவனும் வந்து பேசக் கூடாது. ஏட்டு மட்டும் காற்றடிக்க வருவார். பஞ்சர் பார்க்கிற மாதிரி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்குவேன். குமிழி வருகிறதா என்று இரண்டு பேரும் குனிந்து பார்ப்போம். பேச்செல்லாம் அந்தத் தொட்டிக்கு மேலேதான். கடை வாசலிலேயே, பட்டப்பகலில், ஊர் முன்னால். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இப்படி ஒரு ஏற்பாட்டைச் சப்-இன்ஸ்பெக்டரால்கூட யோசித்திருக்க முடியாது.

நான் சொன்ன துப்பு ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டருக்கு மேலிடத்தில் நல்ல பெயர். அவர் நன்றி மறக்காத மனிதர். அங்கேதான் வினை வந்தது. எனக்குத் தெரியாமல் ஸ்டேஷனில் ஒரு உத்தரவு போட்டுவிட்டார். மஞ்சள் பட்டை வண்டியை யாரும் தொடக் கூடாது.

அந்தக் காலத்தில் சைக்கிளில் லைட் இல்லாமல் போனால் பிடிப்பார்கள். இரண்டு பேர் போனால் பிடிப்பார்கள். சந்தை நாளில் முச்சந்தியில் நின்று வால்வைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஆகவேண்டும்.

என் கடையில் திடீரென்று கூட்டம். மற்ற இரண்டு சைக்கிள் கடைக்காரர்களும் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, என் கடையில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மேலும் வண்டிகள் வாங்கினேன். மஞ்சள் பெயிண்ட் டப்பா டப்பாவாகத் தீர்ந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு நான் செயினைப் பராமரிக்கிற விதம் அப்படி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். அதுவும் பொய் இல்லை. என் வண்டிகள் சத்தமே போடாது.

ஒருநாள் மேல்மலையனூர் அமாவாசைக்குப் போக வண்டி எடுக்க வந்த ஒருவர் சொன்னார்: "எண்ணெய் இன்னாத்துக்குய்யா? சத்தம் போட்டா இன்னா, போடாங்காட்டி இன்னா? உன் வண்டின்னா போலீசு மூஞ்சிய திருப்பிக்கினு போறான். நான் பொண்டாட்டி, மச்சினிச்சி ரெண்டு பேரையும் ஏத்திக்கினு போவப்போறேன்."

கையில் இருந்த ஸ்பானர் நழுவிக் காலில் விழுந்தது. வலிக்கவில்லை.

அப்புறம் கவனித்துப் பார்த்தேன். வாடகைக்கு எடுப்பவர்களில் நாலு முகம் லாரி டியூப் ஒட்ட வருகிற முகம். மஞ்சள் பட்டை பத்திரம் என்று சாராயக்காரர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் துப்புச் சொல்லியதால் கிடைத்த பாதுகாப்பில் சாராயம் சுகமாக ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. சொன்னால் என் வண்டியே போகும். சொல்லாவிட்டால் சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்பார். இரண்டையும் யோசித்து முடிப்பதற்குள் மண்டிக்காரரே கடைக்கு வந்துவிட்டார்.

அவர் என் கடைக்கு வந்தது அதுவே முதல் தடவை. மரப்பெட்டியைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, வியாபாரம் நல்லா போவுதா?"

"உங்க ஆசீர்வாதங்க."

"என் ஆசீர்வாதம் இல்ல. வேற யாரு ஆசீர்வாதமோ. உன் வண்டிய மட்டும் ஏன் புடிக்க மாட்டேங்கறான்?"

"மாமூல் குடுக்கறேங்க."

அவர் சிரித்தார். நல்ல பல்வரிசை.

"இந்த ஸ்டேஷனுக்கு ஜாஸ்தி மாமூல் குடுக்கறவன் நானு. என் ஆளையே புடிக்கறான். நீ என்னாத்த குடுக்கற, அத சொல்லேன், நானும் குடுக்கறேன்."

நான் ஸ்பானரை எடுத்து, ஏற்கெனவே இறுக்கியிருந்த நட்டை மறுபடி இறுக்கினேன்.

"ஜல்தி இல்ல. சந்தைக்கி வர்றேன், அப்ப சொல்லு" என்று எழுந்தவர், எதிர்ப்பக்கம் பார்த்தபடி, "டீக்கடைக்காரரு பாவம், கண்ணு நல்லாதான் இருக்குது. கைதான் போயிடுச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தொட்டிக்கு மேல் குனிந்தபடி ஏட்டிடம் கேட்டேன்.

"ஏட்டையா, சந்தையில மண்டிக்காரரு பாக்கற மாதிரி என் வண்டிய புடிங்க."

"உன்துதா? உத்தரவு இருக்குதுய்யா."

"அந்த உத்தரவாலதாங்க என் கை ஒடையப்போவுது."

"ஐயா பந்தோபஸ்துக்கு விழுப்புரம் போயிக்கிறாரு. வந்ததும் கேட்டுச் சொல்றேன்."

"எப்ப வருவாரு?"

"சந்தை கழிச்சி."

"அதுக்குள்ள ஒரே ஒரு வண்டிங்க. வால்வு புடுங்கினா போதும்."

"மீறினா என் பட்டை போயிடும்" என்று சட்டைக் கையில் இருந்த தன் பட்டையைத் தொட்டுக் காட்டினார். ஊர் முழுக்கத் தன் வண்டியைப் பிடித்துவிடாதே என்று வேண்டிக்கொண்டிருக்க, பிடி என்று கெஞ்சியவன் நான்.

சந்தை நாள் வந்தது. முச்சந்தியில் ஏட்டு நின்றிருந்தார். மண்டிக்காரர் எதிரே வெற்றிலைக் கடை நிழலில் நின்றிருந்தார். என் மனைவியின் தம்பியைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு நேராக ஏட்டை நோக்கி மிதித்தேன். அவனிடம் நான் எதையும் சொல்லவில்லை.

"மாமா, போலீசு நிக்கறாரு. எறங்கட்டுமா?"

"உக்காரு."

"மாமா, பாத்துட்டாரு மாமா."

ஏட்டு பார்த்தார். உடனே அரசமரத்தில் ஏதோ பறவை இருப்பதுபோல் மேலே பார்க்க ஆரம்பித்தார். நான் அவரைக் கடந்து போய்விட்டேன். வெற்றிலைக் கடையில் யாரோ சிரித்தார்கள்.

வண்டியைத் திருப்பினேன். மறுபடி வந்தேன். இந்தத் தடவை மணியும் அடித்தேன். ஏட்டு மறுபடி மரத்தைப் பார்த்தார். சந்தையே நின்று வேடிக்கை பார்த்தது.

"இன்னாய்யா, ஏட்டு ஜோசியம் பாக்கறாரா?"

"மஞ்சப் பட்டைன்னா ராஜா வண்டி மாதிரிடா. வழி வுடுங்கடா!"

ஒவ்வொரு பேச்சுக்கும் என் மணிக்கட்டு வலித்தது. மூன்றாவது சுற்றில் நான் முடிவு செய்துவிட்டேன். வண்டியை நேராக ஏட்டின் மீதே விட்டேன். அவர் விலகியபோது என் தோள் பட்டு, அவருடைய தொப்பி கீழே விழுந்தது. கேப்பை விற்கிற அம்மாவின் கூடை ஓரமாக உருண்டு போய் மாட்டுச் சாணியில் நின்றது.

போலீஸ்காரரின் தொப்பி சந்தையில் விழுந்தால் எந்த உத்தரவும் செல்லாது. அவர் விட்ட அறையில் எனக்கு இடது காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை. மைத்துனன் ஓடிவிட்டான். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு கான்ஸ்டபிள் ஆசை தீர இரண்டு சக்கரத்து வால்வையும் பிடுங்கினார். அவருக்கும் அந்தப் பட்டை மேல் வெகு நாளாகக் கோபம் இருந்திருக்கும். ஸ்டேஷன் தரையில் உட்கார வைத்தார்கள். என் இடத்தில் இன்னொருவனாக இருந்தால் அழுதிருப்பான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஏட்டு தண்ணீர் கொடுக்கிற சாக்கில் குனிந்து, "வலிச்சிதாய்யா?" என்று கேட்டார்.

"நல்லா அடிச்சீங்க" என்றேன்.

"நெஜமாதான் அடிச்சேன்" என்றார்.

சாயங்காலம் ஜாமீனில் விட ஆள் வந்திருக்கிறது என்றார்கள். மைத்துனன் என்று நினைத்தேன். வந்திருந்தது மண்டிக்காரர். கையெழுத்துப் போட்டு என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, பக்கத்துக் கடையில் சோடா உடைத்துக் கொடுக்கச் சொன்னார். நான் குடித்து முடித்ததும் சொன்னார்:

"உன்ன அடிச்சத கண்ணால பாத்தேன். போலீசு ஆள போலீசு அப்படி அடிக்க மாட்டான்."

"அதாங்க."

"ஆனா ரெண்டு தரம் மரத்தப் பாத்தாரே ஏட்டு. அதையும் பாத்தேன்."

சோடா பாட்டிலை நான் கீழே வைக்கவில்லை. கையில் எதையாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்போல் இருந்தது.

"விழுப்புரத்துல ஜங்ஷன் பக்கம் ஒரு எடம் காலியா கீது. உன்ன மாதிரி தெறமசாலி அங்க பொழைச்சிக்கலாம். இங்க உனக்கு இனிமே பேஜாரு. ரெண்டு கையும் நல்லா இருக்கறப்பவே போயி தொழிலப் பாரு."

நான் வியாபாரத்தைப் பெருக்கத்தான் விழுப்புரம் போனேன் என்று என் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அதிலும் தப்பு இல்லை. வியாபாரம் பெருகத்தான் செய்தது. வண்டிகளை எல்லாம் மல்லாட்டை ஏற்றுகிற லாரியில் போட்டுக்கொண்டு போனேன். போவதற்கு முன்னால் பட்டைகள் மேல் கறுப்பு அடித்தேன். சப்-இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து நான் எங்கே என்று கேட்டிருப்பார். ஏட்டு மரத்தைப் பார்த்திருப்பார்.

ஜங்ஷன் பக்கம் கடை போட்ட முதல் வாரத்திலேயே ஒரு வாடகைக்காரர் வால்வு இல்லாத வண்டியை வெயிலில் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் தடாலென்று சாய்த்தார்.

"இன்னாய்யா கடை வெச்சிக்கினு இருக்கற? லைட்டு எரியல, போலீசு புடிச்சிட்டான். ரெண்டு மைலு தள்ளிக்கினு வர்றேன்."

"எங்க வண்டியவா புடிச்சாங்க?"

"பின்ன, கவர்னர் வண்டியவா?"

அவரை உட்கார வைத்து, என் கையாலேயே டீ வாங்கிவந்து கொடுத்தேன். கிளாஸ் சூடாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.