சக்கரத்துக்கு நான் அடித்த பெயிண்ட்

போடியில் இருக்கும் எங்கள் பழைய காரின் இரும்புச் சக்கரங்கள் துருவேறிக் கிடந்தன. நானே கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுத்து, நட்டு உட்காரும் துளைகளையும் விடாமல் மூன்று கோட் பெயிண்ட் அடித்தேன். என் கணவர் மாட்டி இறுக்கினார்.

மறுநாள் மலைப்பாதையில் குரங்கணிக்குப் புறப்பட்டோம். மேட்டில் ஏறும்போது கடகடவென்று சத்தம் வந்தது. "ரோட்டுல கல்லு கெடக்கு, போங்க" என்றேன். அடுத்த வளைவில் என் பக்கத்து முன்சக்கரம் கழன்று பள்ளத்தில் உருண்டது. கார் சரிந்து அந்தக் குறுகிய சாலையின் விளிம்பில் நின்றது. அவர் பக்கத்துக் கதவுகள் மலைப்பாறையில் முட்டித் திறக்க முடியாமல் போயின. என் கதவுக்கு வெளியே தரையே இல்லை. மூச்சை இழுத்து விட்டாலும் வண்டி அசைவதுபோல் இருந்தது. "அசையாத" என்று மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எவ்வளவு நேரமோ, பின்னால் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் ஒன்று வந்தது. அதன் டிரைவர் எங்கள் காரைக் கயிற்றால் ஜீப்போடு கட்டிவிட்டு, பின்பக்க டிக்கிக் கதவை மேலே தூக்கித் திறந்தார். "அக்கா, சீட்டு மேல ஏறி மெல்லமா இங்கிட்டு வாங்க. அண்ணே, நீங்க அக்கா வந்தபெறகு வாங்க."

இருவரும் இறங்கியதும் அந்த டிரைவர் மற்றச் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார். நட்டுகள் வெறும் கையிலேயே சுற்றின.

"பெயிண்டு மேலயே நட்ட முடுக்கிருக்கீக. பெயிண்டு நசுங்கவும் லூசாயிருச்சு. யாரு அடிச்சது?"

என் கணவர் என்னைப் பார்க்காமல், "நாந்தான் தம்பி" என்றார். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

இப்போது பெயிண்ட் அடிக்குமுன் நட்டுத் துளைகளை டேப் ஒட்டி மறைக்கிறேன். சக்கரம் மாட்டியபின் ஊருக்குள் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்து, மறுபடி இறுக்கச் சொல்கிறேன். வண்டியில் சின்னச் சத்தம் கேட்டாலும் முதலில் நிறுத்தச் சொல்வது நான்தான்.