வேதத்தில் சேர்ந்த பையன்

இன்று கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் என் வாயாலேயே மகளின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நாகர்கோவில் பஸ்ஸுக்காக நின்ற மாப்பிள்ளையின் அப்பா, பேச்சுவாக்கில் கேட்டார். "ஒங்க பையன் காலேஜில என்ன படிக்கான் அண்ணாச்சி?"

பி.ஏ.வில் அவனுக்கு மதங்களைப் பற்றிய பாடம். அதைக் கொஞ்சம் எடுப்பாகச் சொல்ல நினைத்தேன். "வேதத்துல சேந்திருக்கான்!"

இங்கே கரமனையில் ஐயர் வீடுகளுக்கு நடுவே இத்தனை காலம் குடியிருந்ததில், வேதம் என்றால் அவர்கள் ஓதுவதுதான் என்று பழகி, எங்கள் நாஞ்சில் பக்கம் வேதத்தில் சேர்ந்தான் என்றால் கிறிஸ்தவனாகிவிட்டான் என்று பொருள் என்பதே மறந்துபோயிற்று.

அவர் முகம் கறுத்தது. "இத ஏன் முன்னாலயே சொல்லல்ல?"

"ஐயோ, அது பாடம் அண்ணாச்சி! எல்லா மதத்தையும் படிப்பான்."

"பைபிளும் உண்டுமா?"

"அதுவும் உண்டு."

ஏழாம் வகுப்போடு நின்ற எனக்குச் சமயத்தில் ஒரு பொய் கூட வரவில்லை.

"அப்போ இன்னைக்கு இல்லேன்னா நாளைக்குச் சேந்திருவான். இது சரிப்படாது, பாத்துக்கிடுங்க."

சீக்கிரம் ஏறச் சொல்லி, "வேகம் கேறு!" என்று கண்டக்டர் மலையாளத்தில் கத்தினார். சம்பந்தி ஏறிவிட்டார்.

வீட்டில் சொன்னேன். பையன், "நான் கணக்குப் பாடத்துக்கு மாறிக்கிடுதேன்" என்றான்.

"நீ படி மக்கா. போனது போச்சு" என்றாள் மகள். அடுக்களைக்குள் போனவள் இன்னும் வெளியே வரவில்லை.

இந்தப் பாடத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பயப்படாத தமிழ்ப் பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இளையவளும் வளர்ந்துகொண்டிருக்கிறாள்.