குப்பைமேட்டுக்கு மெயின்லேண்ட் புல்

எனக்குக் கோபம் மூக்குமேல நிக்கும். ஆனா அன்னிக்குக் கப்பல்ல வந்த புல்லைப் பாத்ததும் கோபம்கூட வரல, சிரிப்புதான் பொத்துக்கிட்டு வந்துச்சு.

போர்ட் பிளேர்ல வருசக்கணக்கா குப்பை கொட்டுன மேடு ஒண்ணை மண் போட்டு மூடி, பூங்கா ஆக்கிக்கிட்டிருந்தோம். தோட்ட வேலைக்கு நான்தான் சூப்பர்வைசர். நாத்தம் போய் மாசக்கணக்காகியும் என் வீட்டுக்காரர் அந்த வளைவு வந்தா ஸ்கூட்டரை ஒத்தைக் கையால ஓட்டிக்கிட்டு மூக்கைப் பொத்துவாரு. முதுகுல ஒண்ணு வைப்பேன்.

பெரிய ஆபீசர் கறாரா சொல்லிட்டாரு. திறப்பு விழா அன்னிக்கு மேடு பச்சைப்பசேல்னு இருக்கணும், இல்லேன்னா எனக்குத் தெக்குக் கோடித் தீவுல இருக்குற கேம்பல் பேக்கு டிரான்ஸ்பர். ரெண்டு நாள் கப்பல் பயணம். வீட்டுக்காரருக்கு நாங்க குடியிருக்கிற லம்பா லைன்லயே மொபைல் ரிப்பேர் கடை, போட்டுட்டு வர முடியாது. கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகல. அந்த மனுசனை விட்டுட்டு எப்படிப் போவேன்?

பயத்துல எனக்குப் புத்தி மழுங்கிடுச்சு. எங்க தீவுக்காரங்களுக்கு ஒரு வியாதி உண்டு, மெயின்லேண்ட்லேர்ந்து வந்தாத்தான் நல்ல பொருள். கொல்லையில முருங்கைக்காய் தொங்கும், நாங்க சென்னை முருங்கைக்காய்க்குக் கப்பலை எதிர்பாத்துக்கிட்டிருப்போம். நானும் அப்படித்தான் சென்னைக்குப் புல் ஆர்டர் போட்டேன். பாய் மாதிரி சுருட்டி, கண்டெய்னர்ல அடைச்சு அனுப்பினாங்க. கடல் சரியில்லைன்னு கப்பல் லேட்டு. கதவைத் திறந்தா இட்லிப் பானையைத் திறந்தாப்பல ஆவி அடிக்குது. அத்தனை புல்லும் வெந்து மஞ்சளாக் கிடந்துச்சு. விழாவுக்கு நாலே நாள்.

சிரிச்சு முடிச்சதும் அழுகை வந்துடுச்சு. வீட்டு வாசல்ல சப்பணம் போட்டு உக்காந்து ஓன்னு அழுதேன். எதிர்வீட்டு பெங்காலி தீதி ஓடி வந்து விசாரிச்சாங்க. விக்கி விக்கிச் சொன்னேன்.

“அரே, நீ உக்காந்திருக்கிறதே புல்லுமேலதானே?”ன்னு ஹிந்தியில கேட்டாங்க.

குனிஞ்சு பாத்தேன். மழை பிடிச்ச நேரம், தெருவுல ஒவ்வொரு வாசல்லயும் எருமைப்புல் மண்டிக் கிடந்துச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. ஒரு தோட்டக்காரி பாக்குற பார்வையா இது?

தீதி அதுக்குள்ள மண்வெட்டியோட வந்துட்டாங்க. சேதி பரவி, தெருவே வாசலைப் பேத்துது. ஸ்கூட்டர்ல புல், ஆட்டோவுல புல், குழந்தை குளிக்கிற டப்புல புல். என் வீட்டுக்காரர் கடையைச் சாத்திட்டு நாலு நாளும் மண் சுமந்தாரு. ஒரு தெலுங்குக்காரர் தன் வாசல் புல்லை மேட்டு உச்சியிலதான் பதிக்கணும்னு ஒரே அடம், பதிச்சு முடிச்சு வழுக்கி அடிவாரம் வரைக்கும் உக்காந்தபடியே வந்து சேந்தாரு. மழையில நனைஞ்சுக்கிட்டு எல்லாரும் பைத்தியம் பிடிச்ச மாதிரி சிரிச்சோம். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வேற எந்த வேலையிலயும் கிடைச்சதில்ல.

விழா அன்னிக்கு மேடு பச்சைன்னா அப்படி ஒரு பச்சை. ஆபீசர் சுத்தி வந்து, எந்த மெயின்லேண்ட் நர்சரின்னு கேட்டாரு.

“லம்பா லைன் சார்”னேன்.

முழுக்கதையும் கேட்டு அவரும் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம் என் கையைக் குலுக்கினாரு.

“கேம்பல் பேலயும் ஒரு குப்பைமேடு இருக்கும்மா. இதை உன்னை விட்டா யார் செய்வா? போறியா?”

இருந்த குஷியில, அவர் முடிக்கிறதுக்குள்ள “ஆகட்டும் சார்”னு சொல்லித் தொலைச்சுட்டேன். சொன்ன பிறகுதான் பக்கத்துல நின்ன வீட்டுக்காரர் முகத்தைப் பாத்தேன்.