விமானத்தின் கதவு

சோமனூர் தாண்டி, ஒரு பழைய தறிக் கொட்டகையில்தான் அந்த வடிவமைப்பாளரைச் சந்தித்தேன். வயலுக்கு மருந்து தெளிக்கும் பிஸ்டன் எஞ்சின் விமானம் ஒன்றை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார். அதற்கு மருந்துத் தொட்டி செய்துகொடுக்கும் வேலை எனக்கு. ஒல்லியான மனிதர். இரண்டு உள்ளங்கைகளிலும் மினுமினுப்பான தீத்தழும்பு.

நான் அளவெடுக்கத் தொடங்குவதற்குள், "ஏனுங்க, ஒரு நிமிஷம் உள்ளே உக்காருங்க" என்றார். கொட்டகைக்கு வருகிற எவரையும் அவர் விடுவதில்லையாம். பைலட் இருக்கையில் என்னை உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, கதவைச் சாத்தினார்.

"கண்ணை மூடிக்கோங்க. புகை வந்தா இப்படித்தான் இருக்கும். இப்ப வெளிய வாங்க."

பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். கதவின் கைப்பிடிதான் அகப்படவில்லை. தடவித் தடவி ஒருவழியாகத் திறந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"பதினாலு வரைக்கும் எண்ணிட்டேனுங்க," என்றார். "போன விமானத்துல ஓட்டுனவருக்கு அத்தனை நேரம் கிடைக்கலீங்க. விழுந்ததுல ஒரு காயமும் இல்லை. கண்ணாடி வழியா என்னையத்தான் பாத்துட்டிருந்தாரு. நானும் வெளிய இருந்து இழுத்துப் பாத்தேன்." உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "அந்தக் கதவை வரைஞ்சது நானுங்க."

"இது எப்பங்க பறக்கும்?" என்று கேட்டுவைத்தேன்.

"கதவு முடியட்டுமுங்க."

தொட்டியைக் கொடுத்து இரண்டு வருஷமாகிறது. எஞ்சின், இறக்கை எல்லாம் பொருத்தியாயிற்று, கதவு மட்டும் முடியவில்லை என்று அங்கே வேலை செய்யும் பிட்டர் சொன்னார். அது முடியவேண்டும் என்று நினைக்கிறேனா, முடியவே வேண்டாம் என்று நினைக்கிறேனா, எனக்கே தெரியவில்லை.