வெள்ளத்துரையின் முதல் முன்னுரிமை

வேட்புமனு கொடுக்கக் கடைசி நாளன்று, மூன்று மணிக்குக் கதவடைக்கும் அலுவலகத்துக்குள் 2.40க்கே போய், வெள்ளத்துரை வார்டு கவுன்சிலர் பதவிக்குச் சுயேச்சையாக மனுக் கொடுத்தான். நாற்பத்தேழு வருஷத்தில் அவன் ஓரிடத்துக்கு நேரத்தோடு போனது அன்றைக்குத்தான் என்பாள் அவன் மனைவி சண்முகசுந்தரி. கிடைத்த சின்னம் சீப்பு. அவன் தலையில் முன்பக்கம் முடி இல்லை. பின்பக்கமும் நம்பிக்கை தரும் நிலையில் இல்லை.

தொழில், விசைத்தறி மெக்கானிக். சங்கரன்கோவிலில் பதினொரு தறிக்கூடங்கள், 164 தறிகள் அவன் பொறுப்பில் ஓடின. தறிக்கூடத்துக்குள் பேச்சு கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். வெளியே வந்தால் அந்தக் குறையைச் சேர்த்துத் தீர்த்துக்கொள்வார்கள். சாப்பிடும்போது ‘உப்பு கம்மி’ என்று வெள்ளத்துரை சொன்னால் நாலாவது வீட்டில் உப்பு ஜாடியைத் தேடுவார்கள். அவன் தாய் மாடத்திக்கு எழுபது வயது. அவளும் முப்பது வருஷம் தறிக்கூடத்தில் நூல் சுற்றியவள். தாயும் மகனும் தினமும் காலை ஏழேகாலுக்குச் சண்டை போடுவார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கிளப்ப அந்தத் தெருவில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

வெள்ளத்துரையை அரசியலுக்குக் கொண்டுவந்தது நாய். ஒரே வருஷத்தில் இரண்டு முறை கடி. முதலில் இடது கெண்டைக்கால், அப்புறம் வலது. வார்டின் ஒன்பது தெருக்களிலும் நடந்து எண்ணி, மொத்தம் 38 நாய்கள் என்று கணக்கெடுத்தான். அதில் ஆறு, கணக்கெடுத்தவனைத் துரத்தின. ஆகவே அவன் முன்னுரிமைப் பட்டியலில் முதலிடம் நாய்க்கு. இரண்டாவது வாறுகால் சாக்கடை அடைப்பு, மூன்றாவது தெருவிளக்கு, நாலாவது வேகத்தடை. ஐந்தாவது குடிநீர். குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும், எந்நேரம் வரும் என்று தெரியாது. ஆனால் பிடிப்பது பெண்கள் என்பதால் வெள்ளத்துரைக்கு அது கடைசியில்தான் ஞாபகம் வந்தது.

நோட்டீஸ் அடிக்க ஜஸீமாவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனான். கடையின் பின்சுவர் பன்னிரண்டு தறிகள் ஓடும் கூடத்தோடு ஒட்டு. ஆறு வருஷமாக அங்கே உட்கார்ந்து அவளும் உதடு படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். வெள்ளத்துரை மூக்குக்கண்ணாடியை ஏதோ ஒரு தறிக்கடியில் மறந்துவிட்டதால், எழுதிக்கொண்டு வராமல் வாயாலேயே சொன்னான். ‘நா’ சொன்னாலும் ‘தா’ சொன்னாலும் நாக்கு போய் நிற்பது பல்லிடம்தான். உதட்டைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று.

முதல் வரியிலேயே ஜஸீமாவின் விரல் நின்றது. “அண்ணாச்சி, இதையா மொதல்ல போடணும்?”

“பின்ன? மனுசன் நிம்மதியா வீட்டுக்கு வர முடியுதா?”

“நாலு பேரு என்ன சொல்லுவாக?”

“நாலு பேரும் கைதட்டுவான். எல்லார் வாசல்லயும் இதே தொல்லதான மக்கா.”

ஏழேகால் மணிச் சண்டை அவள் காதிலும் விழுவதுதான். பெருமூச்சு விட்டு, அடித்து முடித்தாள்.

மறுநாள் காலை ஆறு மணி முதல் மத்தியானம் ஒரு மணி வரை வெள்ளத்துரை 412 வீடுகளுக்கும் நேரில் போய், கைகூப்பி, ஆளுக்கொரு நோட்டீஸ் கொடுத்தான். கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை. வாங்கியவர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். மூன்று ஆண்கள் மட்டும் அவன் கையைப் பிடித்து வெகுநேரம் விடவில்லை. ஆதரவு அலை என்று நினைத்துக்கொண்டு சாப்பிட வீட்டுக்கு வந்தான்.

வீட்டில் அடுப்பு அணைந்திருந்தது. மாடத்தி நோட்டீஸும் கையுமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏலே, எனக்கு எப்ப ஊசி போடுத?”

“எந்த ஊசிம்மா?”

சண்முகசுந்தரி வாசித்தாள். அவள் முகத்தில் துக்கம் எதுவும் தெரியவில்லை. “முன்னுரிமை ஒன்று. நம் வார்டில் பெருகிவிட்ட தாய்த் தொல்லையை அடியோடு ஒழிப்பேன். தெருவில் திரியும் தாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவேன்.”

“கருத்தட செய்யப் போறானாம்,” என்றாள் மாடத்தி. “அத ஒன்னப் பெறுததுக்கு முந்தி செஞ்சிருக்கணும்லே.”

“எம்மா, அது நாய்ம்மா.”

“யாருலே நாய்?”

அந்த வார்டில் பெண் ஓட்டு மட்டும் 571. தெருக்குழாயில் யார் குடம் முன்னே, யார் குடம் பின்னே என்று தீர்ப்புச் சொல்வது மாடத்தி. ஓட்டு விஷயத்திலும் அவள் தீர்ப்புக்கு மதிப்பு உண்டு. “ஒனக்கு ஒத்த ஓட்டு விழாது பாத்துக்கோ,” என்று சொல்லிவிட்டு அவள் குழாயடிக்குக் கிளம்பினாள். போட்டியிட்டது வீண்தானா என்று வெள்ளத்துரைக்குப் பயம் இருந்தது. பசியும் இருந்தது.

பின்னாலேயே ஓடினான். குழாயடியில் முப்பது பெண்களுக்குக் குறையாமல் நின்றார்கள். அன்று எட்டாம் நாள். விடியற்காலை முதல் காத்திருந்தார்கள்.

“தப்பு அச்சுல. நோட்டீஸ்ல தாய்னு இருக்க எடத்தையெல்லாம் நாய்னு மாத்திப் படிச்சுக்கிடுங்க,” என்றான்.

பீடி சுற்றும் ஆயிஷம்மாள் நோட்டீஸின் அடிப்பக்கத்தில் விரலை வைத்தாள். “இங்கன, ‘என் அன்புத் தாய்மார்களே, சீப்புக்கு வாக்களியுங்கள்’னு போட்டிருக்கியே. இத எப்படி வாசிக்கணும் தம்பி?”

முதலில் சிரித்தவள் மாடத்திதான். அப்புறம் குழாயடியே சிரித்தது. சிரித்து ஓய்ந்ததும் அவள் கேட்டாள்:

“இவ்வளவு பேரு நிக்கோம். நாயப் பத்தி ஒருத்தியாவது ஒன்ட்ட வந்து சொன்னாளா?”

“ரெண்டு தடவ கடிச்சிருக்கும்மா.”

“ஒன்னக் கடிச்சா அது ஒனக்கு முன்னுரிம. எங்களக் கேட்டியா நீ?”

“தண்ணி ராத்திரி ரெண்டு மணிக்கு வருது, மத்தியானம் வருது,” என்றாள் ஆயிஷம்மாள். “காத்துக் கெடந்தா அன்னைக்கு வேல போச்சு. தெனமும் தண்ணி விடுன்னு ஒன்ட்ட யாரும் கேக்கல. எந்நேரம் வரும்னு முன்கூட்டிச் சொல்ல ஆளு இருந்தா போதும்.”

வெள்ளத்துரைக்கு அது அதுவரை தெரியாது. அவன் வீட்டில் குடம் எப்போதும் நிறைந்தே இருந்தது.

அன்று மாலை மாடத்தியே ஜஸீமா கடைக்குப் போனாள். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, எழுத்தெழுத்தாக வாசிக்க வைத்துப் புது நோட்டீஸ் அடித்தாள். முதலாவது, தண்ணீர் வரும் நேரம். நாய் ஐந்தாவது இடத்துக்குப் போனது. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று பக்கத்தில் ஒரு நாய்ப் படமும் போட்டார்கள். அது வெள்ளத்துரையின் படத்தைவிடத் தெளிவாக விழுந்திருந்தது.

பதிவான ஓட்டு 826. வெள்ளத்துரைக்கு 298, அடுத்து வந்த கட்சிக்காரருக்கு 279. பத்தொன்பது ஓட்டில் ஜெயித்து, கழுத்தில் மாலையோடு பகல் இரண்டு மணிக்குத் தெருவுக்குள் வந்தான். மாடத்தி ஆரத்தி எடுக்கவில்லை.

“இன்னைக்கும் எட்டாம் நாளுலே. எத்தன மணிக்கு வரும்னு கேட்டுட்டு வா.”

மாலையைக் கழற்ற நினைவில்லாமல் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினான். வால்வு திறக்கும் சங்கரலிங்கம் ஏற இறங்கப் பார்த்தார். “என்ன வே, ரெண்டாங் கல்யாணமா?”

“தண்ணி எப்பம் தொறப்பீரு? அதச் சொல்லும்.”

“நாலரைக்கு.”

வெள்ளத்துரை தன் தெருவின் முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி, நாலரை, நாலரை என்று சொல்லிக்கொண்டே போனான். எல்லா வீட்டிலும் ஜெயித்ததற்குக் காப்பி கொடுத்ததால் தாமதமாயிற்று. முப்பத்தோராவது வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி நாலரை. திறக்க உள்ளே ஆள் இல்லை; அவன் குரல் அவனுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டதால், எல்லாரும் அதற்குள் குழாயடிக்குப் போயிருந்தார்கள்.