என் தங்கையின் வலது கணுக்கால்

எங்கள் வீட்டு மாடிப்படி இரும்பால் ஆனது. வெளிச்சுவரை ஒட்டி ஏறும். மொத்தம் பதினேழு படிகள். ஒன்பதாவது படியில் ஒரு நட்டு தளர்ந்திருந்ததால் அங்கே மட்டும் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கூடுதலாக வரும். இறுக்குவதற்கு ஐந்து நிமிட வேலை. வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருந்தேன். தங்கை பாதி ஏறிவிட்டாள், இன்னும் எட்டுப் படிதான் என்று அந்தச் சத்தம் எனக்குச் சொல்லும்.

கீழே நானும் என் மனைவியும். மாடியில் ஒற்றை அறையில் தங்கை. அவளுக்கு முப்பத்தெட்டு வயது, எனக்கு நாற்பத்தேழு. வீட்டில் அவளை இன்றைக்கும் ‘குட்டி’ என்றுதான் கூப்பிடுகிறோம். கல்யாணப் பேச்சு மூன்று முறை வந்து மூன்று முறையும் நின்றுபோனது. நான்காவது முறை பேச்சை எடுத்தபோது, “போதும்ணா, எனக்கே சலிச்சுப்போச்சு. உனக்குச் சலிக்கலையா?” என்று கேட்டாள். எனக்கும் சலித்திருந்தது. விட்டுவிட்டோம்.

நான் பத்தாவதோடு நின்றவன். மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டினால், உள்ளே பேரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்தக் காதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

தங்கை வேலை பார்ப்பது எடைமேடையில். லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும். அவள் பக்கத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து எடையைப் பார்த்துச் சீட்டு கொடுப்பாள். ஒரு ஆள் உட்காரத்தான் அந்த அறை. இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் கதவு மூடாது. பதினாறு வருடமாக அங்கேதான் இருக்கிறாள். டிரைவர்களுக்கு அவள் ‘தராசக்கா’.

“தராசக்கா, லோடு கூடிப்போச்சா?”

“ரெண்டு டன் கூட.”

“நான் எறங்கி நின்னா கொறையுமா?”

“உங்க தொப்பைய மட்டும் எறக்கி வையுங்க, பார்ப்போம்.”

அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுப்பார். ஒரு நாளில் அவள் மனிதர்களோடு பேசுவது பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முன்னால், வேலை முடிந்து நடந்து வரும்போது ஒரு பழைய கிடங்கிலிருந்து இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டிருக்கிறது. பட்டறை என்று நினைத்து எட்டிப்பார்த்தாள். வெள்ளை உடுப்பும் வலை முகமூடியும் போட்டு இரண்டு பேர் மெல்லிய வாளோடு நின்றிருந்தார்கள். வாள்வீச்சு மன்றம். மாஸ்டர் பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர்.

“எனக்கு முப்பத்திரெண்டு வயசாச்சு சார்” என்றாளாம்.

“வாளுக்கு எங்க தெரியப்போகுது?” என்றாராம் அவர். மறுநாளே சேர்ந்துவிட்டாள்.

அந்த ஹாலில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் உடம்பில் வாள்முனை பட்டால் புள்ளி. பெரிய போட்டிகளில் அதை விளக்கு காட்டிக்கொடுக்கும். இவர்களுடைய விளக்குப் பெட்டி பாதி நாள் பழுது. அதனால் குத்து வாங்கியவரே இடது கையைத் தூக்கி ஒத்துக்கொள்ள வேண்டும். குத்தியவர் வாயைத் திறக்கக் கூடாது. கை தூக்குவதில் என் தங்கைக்கு நிகர் யாருமில்லை. அவளோடு வழக்கமாக ஆடும் பல் டாக்டர் என்னிடமே சொன்னார்: “எனக்கே தெரியாம உரசினதுக்கெல்லாம் உங்க தங்கச்சி கை தூக்குறாங்க. இவங்ககிட்ட ஜெயிக்கவே வெக்கமா இருக்கு.” அந்தப் பெண்மணி குறையாகச் சொன்னாரோ என்னவோ, நான் பட்டறையில் ஒரு வாரம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மன்றங்களுக்கு இடையிலான போட்டியில் அவள் மூன்றாவதாக வந்து வாங்கிய பதக்கத்துக்கு நானே தகடு வெட்டி ஒரு மாட்டி செய்து கொடுத்தேன்.

முதல் சுளுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தது. முன்காலை எட்டிவைத்துப் பாயும்போது வலது பாதம் வெளிப்பக்கமாக மடங்கிவிட்டது. ஹாலிலிருந்து ஆறு பேர் பழங்களோடு பார்க்க வந்தார்கள். பல் டாக்டர் வீக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, “பல்லா இருந்தா பிடுங்கிருப்பேன்” என்றாராம். மாடி அறைச் சிரிப்பு கீழே எங்களுக்குக் கேட்டது.

ஏழு மாதம் கழித்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அதே கணுக்கால் பிசகியது. இரண்டு பேர் போனில் விசாரித்தார்கள்.

மூன்றாவது முறை பயிற்சியிலேயே மடங்கியது. மாஸ்டரிடமிருந்து ‘ஓய்வெடுங்கள்’ என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரே காலில் மூன்றாவது சுளுக்கு என்றால் யாருக்கும் அது செய்தி இல்லை.

எலும்பு டாக்டர் மட்டும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. “தசைநார் தொய்ஞ்சுபோயிருக்கு. முழுசா ஆறாம ஆட எறங்கி இன்னொரு தடவை மடங்கினா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் வாளை மறந்துடுங்க” என்றார்.

பிசியோ பெண் பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார். கால் கட்டைவிரலைப் பேனாவாக நினைத்து அ முதல் ஃ வரை காற்றில் எழுத வேண்டும். ஔ எழுதுவதற்குள் உயிர் போகிறது என்பாள். “ஃ தான்ணா சுலபம். மூணு குத்து. அது எனக்குப் பழக்கம்.” பிறகு கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பது. கண்ணை மூடினால் கடிகாரம் பார்க்க முடியாது. எண்ணிச் சொல்லப் பக்கத்தில் ஆளும் இல்லை. அதனால் ரேடியோவில் ஒரு விளம்பரம் தொடங்கி முடியும்வரை நிற்பது என்று வைத்துக்கொண்டாளாம். இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், கேட்டேன். மாலையில் அவள் வேலை முடிந்து படி ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு காலடியாகக் கேட்டேன். நல்ல கால் வைக்கும்போது ‘டக்’. கெட்ட கால் வைக்கும்போது ஒரு இழுப்பு. காலண்டரில் அந்தந்தத் தேதிக்குக் கீழே ‘இழுப்பு’ அல்லது ‘சமம்’ என்று பென்சிலால் குறித்தேன். முதல் நான்கு வாரம் முழுக்க இழுப்பு. ஐந்தாவது வாரம் பாதிக்குப் பாதி. ஆறாவது வாரம் ஏழு நாளும் சமம்.

“மேல போய் ஒரு வார்த்த கேட்டா என்னவாம்?” என்றாள் என் மனைவி.

“கேட்டா பொய் சொல்லுவா. படி பொய் சொல்லாது.”

காலண்டர் தாள்கள் இரண்டைக் கிழித்து மடித்துப் பிசியோவிடம் எடுத்துப்போனேன். “வலி இருக்கா?” என்று அவர் தங்கையைக் கேட்டார். “இல்ல” என்றாள். நான் தாள்களை விரித்து வைத்தேன். இவ்வளவு ஒழுங்காகக் குறித்துக்கொண்டு வந்தவர் யாருமில்லை என்று அவர் பாராட்டினார். மெதுவாகப் பயிற்சிக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார். மூன்று வாரத்தில் குழுப் போட்டி. தங்கை, பல் டாக்டர், ஒரு கல்லூரிப் பெண் என்று மூன்று பேர். ஒருத்தர் குறைந்தாலும் அந்தக் குழு இல்லை.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது தங்கை மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கப் போனேன். எடைமேடையில் லாரி இல்லை. சாலைக்கு இந்தப் பக்கம் நிற்கும்போதே கண்ணாடி அறை தெரிந்தது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். மேசை விளிம்பைப் பிடித்தாள், பிறகு சுவரை, பிறகு அலமாரிக் கைப்பிடியை. வலது காலின் நுனிவிரலை மட்டும் ஊன்றி, மூன்றடி தூரத்தை ஆறு தத்தலில் கடந்தாள். ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பி வந்தாள். அப்போது லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவ்வளவுதான், வேறொருத்தி மாதிரி நிமிர்ந்து, இரண்டு காலும் சமமாக ஊன்றி, ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

நான் கண்ணாடியை ஜன்னல் வழியாக நீட்டினேன்.

“ஏண்ணா இப்படி வேர்த்திருக்கு?”

“வெயில்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டக், டக், டக். ஒன்பதில் டிங். பதினேழும் சமம். வாள்வீச்சில் முதல் ஆறு மாதம் காலடித் தாளம் மட்டும்தான் சொல்லிக்கொடுப்பார்கள் என்று அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மாடிக்கு ஏறினேன். கடைசியாக எப்போது ஏறினேன் என்று யோசித்தேன். பதக்க மாட்டியைச் சுவரில் அடித்த நாள். அறையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதில் அவள் கால், காலின் மேல் ஐஸ் பை.

“எவ்ளோ நாளா வலி?”

“எந்த வலி?”

“குட்டி, நான் பார்த்தேன். கண்ணாடி அறையில.”

ஐஸ் பையைத் திருப்பி வைத்தாள். “அது நின்னதே இல்லண்ணா.”

“அப்புறம் ஏன் படியில...”

“நீ கேட்டுட்டு இருப்பேன்னு தெரியும். கொஞ்சம் இழுத்தா கீழருந்து ஒரு கொரல் வரும், ‘நாளைக்குப் போகாத’ன்னு. நீ மேல வரமாட்ட. கொரல் மட்டும்தான் வரும்.” சுவரில் தொங்கிய பதக்கத்தைப் பார்த்தாள். “அந்த ஹாலும் இல்லன்னா எனக்கு யாருண்ணா இருக்கா? லாரிக்காரங்க. அவங்களும் எடை மட்டும்தான் கேப்பாங்க.”

“வாள் லேசா உரசினாலே கை தூக்குறவ நீ.”

“அது ஆட்டம்.”

“இன்னொரு தடவை மடங்கினா அந்த ஆட்டமே இல்லன்னு டாக்டர் சொன்னாரே.”

நான் நின்றுகொண்டே இருந்தேன், உட்கார இடமில்லை. கடைசியில், “நாளைக்கு என்னைப் போகாதன்னு சொல்லாத. நானே பார்த்துக்கறேன்” என்றாள். சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் அவள் பயிற்சிக்குப் போய்விட்டாள். நான் சோற்றுத் தட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஏழே முக்காலுக்கு வெளிக்கதவு திறந்தது. முதல் படியில் டக். இரண்டாவது படியில் இழுப்பு. மூன்றாவதில் டக். நான்காவதில் இழுப்பு, கூடவே கைப்பிடிக் கம்பியைப் பற்றும் சத்தம். ஒன்பதில் டிங். பதினேழு படியிலும் அவள் ஒன்றைக்கூட மறைக்கவில்லை. அவள் நொண்டும் சத்தத்தைக் கேட்டு எனக்கு மூச்சு வந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஹாலில் நடந்ததைப் பல் டாக்டர் போனில் சொன்னார். ஆட்டத்தின் நடுவில், வாள் படாமலேயே, தங்கை இடது கையைத் தூக்கியிருக்கிறாள். “நான் குத்தவே இல்லையே” என்றாராம் இவர். தங்கை முகமூடியைக் கழற்றி, “கால் வலிக்குது. திரும்பி வந்த முதல் நாள்லருந்து வலிக்குது. நான் சொல்லல” என்றாளாம். மாஸ்டர் போட்டிப் பட்டியலிலிருந்து குழுவின் பெயரை எடுத்துவிட்டார். கல்லூரிப் பெண் மட்டும் அழுதுவிட்டு, வாளை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போயிருக்கிறாள்.

போட்டி நடந்த நாளில் தங்கை மாடியில் இருந்தாள். யாரும் திட்டவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. அவளுடைய போன் மேசையில் திரை மேலே தெரிய வைத்திருந்தது. சாயங்காலம் அதை அவளே கவிழ்த்து வைத்தாள்.

இந்த முறை ஆற ஐந்து மாதம் ஆனது. பட்டறையிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியை மாடிக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். தினமும் மாலை ஏறிப்போய் அவள் கண்ணை மூடி நிற்கும்போது எண்ணினேன். “வேகமா எண்ணாத, ஏமாத்தற” என்பாள். வலி எவ்வளவு என்று கேட்டால் பத்துக்கு இத்தனை என்பாள். நாலு என்றால் நாலுதான். என் மனைவி ஒரு நாள் மேலே வந்து ஔ எழுதிப் பார்த்து, தசை பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். “அண்ணி, உங்களுக்கும் பிசியோ வேணும்போல” என்று தங்கை சிரித்தாள். அந்த அறையில் அவ்வளவு சத்தமாகச் சிரிப்பு கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

பல் டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். இருவரும் எதிரெதிரே நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் பழகினார்கள். பிறகு இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு அவளுக்குத் தெரியாமல் எனக்கே எதிர்பார்ப்பு வந்துவிட்டது. அன்று வந்தார். கல்லூரிப் பெண் வரவே இல்லை.

வலி பூஜ்யம் என்று அவள் சொல்லி, பிசியோவும் காலைத் திருப்பிப் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகு, மறுபடி ஹாலுக்குப் போனாள். நானும் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்து புள்ளி ஆட்டம். விளக்குப் பெட்டி அன்றும் பழுது. தங்கை ஐந்து முறை கை தூக்கினாள்; பல் டாக்டர் இரண்டு முறை. தோற்றுவிட்டாள். நான் புள்ளியைவிட அவள் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாய்ச்சலிலும் அது நேராக விழுந்து நேராக எழுந்தது.

மறுநாள் காலையில் ஒன்பதாவது படியின் நட்டை இறுக்கினேன். இனி அது எனக்கு எதற்கு? மாலையில் வழக்கம்போல ஏறினேன். கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஏழாவது படியில ஏன் நின்ன?”

“சும்மாதான்.”

“ரெண்டு வாரமா அங்கயே நிக்கிற. முட்டியா?”

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். கதவைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, இடது கையைத் தூக்கினேன்.

அவள் மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு, ஐஸ் பையை எடுத்து வந்தாள்.