ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்த மரவள்ளி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் நாங்கள் வீடு வாங்கிய பின் வந்த முதலாவது மார்கழி. கீழே பேஸ்மென்ற்றில் கயானா நாட்டுப் பெண் ஒருவர் வாடகைக்கு இருந்தார். முப்பது வயதிருக்கும். வங்கியில் வேலை. ஒரு கதை சொன்னால் அதற்கு இரண்டு மடங்கு சிரிப்பார். வீட்டுக்கு வருகிற எங்கள் ஆட்கள் என்னை 'அண்ணை' என்று கூப்பிடுவதைக் கேட்டு, அவரும் ஆங்கிலத்துக்கு நடுவே 'அண்ணை' என்றே அழைப்பார். எனக்கு அதில் பெருமைதான்.

அவருடைய ஊர் பெருங்காட்டுக்குள் ஒரு ஆற்றங்கரையில் இருந்தது. தெரு என்று ஒன்று கிடையாது, ஆறுதான் தெரு. தலைநகரிலிருந்து சின்ன விமானத்தில் போய் இறங்கி, பிறகு ஒரு பகல் முழுக்கப் படகில் போகவேண்டும். ஆற்றுத் தண்ணீர் பால் விடாத பிளேன் ரீயின் நிறத்தில் இருக்குமாம், ஆனால் சுத்தமானதாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் வள்ளத்தில், பிரேதம் போவதும் வள்ளத்தில். மழைக்காலத்தில் ஆறு வீட்டுப்படி வரைக்கும் ஏறிவரும். அப்போது வள்ளத்தைப் படியிலேயே கட்டிவிடுவார்களாம். ஊரில் ஒரே ஒரு கடை. டொக்டர் இல்லை. "எங்கட ஊரில காய்ச்சல் வருத்தம் வந்தாலும் அது படகு வரும்வரைக்கும் காத்திருக்க வேணும்" என்ற கருத்தில் அவர் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாது, கிணறுதான் என்று நான் சொன்னால் அவர் நம்பமாட்டார். ஆறில்லாமல் சனம் எப்படி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும் என்று கேட்டார். கடைசியில் இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒன்று அகப்பட்டது. மரவள்ளி. அதுதான் தங்களுக்குச் சோறு என்றார். நான் விடுவேனா? "மரவள்ளியைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்கு ஒருவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை" என்று மார்தட்டினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த மார்கழியில் அவர் தன் தமக்கையின் கலியாணத்துக்கு ஊருக்குப் போய்வந்தார். நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கறுப்புக் குழம்பு காய்ச்சவேண்டும் என்று, தாயார் தோண்டிக் கொடுத்த கிழங்குகளை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். விமான நிலையத்தில் எப்படித் தப்பினார் என்று தெரியாது. அதில் இரண்டு கிழங்கை என் கையில் தந்து, "உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே அண்ணை" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. அந்த நாளில் கடையில் கிடைத்ததெல்லாம் ஐஸ்கட்டியாய் உறைந்த கிழங்குதான். இதுவோ மண் மணம் மாறாத கிழங்கு! மனைவியை அடுப்படிப் பக்கம் வரவிடாமல் நானே உரித்தேன், வெட்டினேன். சட்டியை மூடாமல் அவித்தேன். அவித்த தண்ணீரை வடித்து ஊற்றினேன். மனைவி தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டப்போனபோது பாய்ந்து தடுத்தேன்.

"இஞ்சி போடாதையும்! மரவள்ளியும் இஞ்சியும் சேர்ந்தா நஞ்சு, தெரியாதே?"

"எனக்குத் தெரியாதே? நான் என்ன லண்டனிலயே பிறந்தனான்?" என்று அவள் இஞ்சியைத் தூக்கி அப்பால் வைத்தாள்.

எங்களுக்குத் தெரிந்த காவல் அவ்வளவுதான். அந்தக் காவலையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்தேன். பதம் பார்க்கிற சாட்டில் நாலைந்து துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் கசந்தது. ஊரிலும் இடைக்கிடை கச்சல் கிழங்கு வரும்தானே, சம்பலில் கொஞ்சம் உறைப்பைக் கூட்டினால் சரி என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது. முதல்நாள் இரவு வேலை செய்த அலுப்பு என்று அதையும் கணக்கிலெடுக்கவில்லை.

ஆறு வயது மகள் மேசையில் இருந்தாள். கட்டைச் சம்பல் உறைக்கும் என்று அவளுக்கு மட்டும் சீனி தொட்டுக் கொடுத்திருந்தேன். அவள் முள்ளுக்கரண்டியில் ஒரு துண்டைக் குத்தி வாய்க்குக் கொண்டுபோகிறாள். அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுப் பெண், உடுப்புத் தோய்க்கிற மெசினைப் பற்றி ஏதோ கேட்கப் படியேறி வந்தார். மேசையைப் பார்த்தார்.

அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் ஒரு பெண்ணின் வாயிலிருந்து கேட்டதில்லை. ஓடிவந்து மகளின் கையில் ஓங்கி அடித்தார். கரண்டி சுவரில் போய் விழுந்தது. சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டிவிட்டார். பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். இந்த மனுசிக்கு விசர் பிடித்துவிட்டது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். மனைவி பாய்ந்து மகளை இழுத்தாள்.

"என்ர பிள்ளையில கை வைக்க நீர் ஆர்?" என்று தமிழிலேயே கத்தினாள்.

அவருக்குத் தமிழ் விளங்காது. பிழிந்தீர்களா, துருவிப் பிழிந்தீர்களா என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார். என்னத்தைப் பிழிகிறது? அவித்தோம் என்றேன். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. யார் யார் சாப்பிட்டது என்று கேட்டார். நான் மட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி முடிப்பதற்குள் சத்தி வந்து நிலமெல்லாம் கொட்டியது. கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. மூச்சு வாங்கியது. அம்புலன்ஸுக்கு அடித்ததும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டேன். பிறகுதான் அவர் எல்லாம் விளக்கமாகச் சொன்னார். அவர்கள் ஊரில் மரவள்ளி இரண்டு சாதி. ஒன்று எங்களுடையதைப் போல அவித்துத் தின்கிறது. மற்றது நஞ்சு. அதைத் துருவி, ஓலையில் பின்னிய நீளக் குழாய்க்குள் அடைத்து, கூரை வளையில் தொங்கவிட்டு இழுத்துப் பிழிவார்கள். பிழிந்த மாவில் ரொட்டி. நஞ்சுச் சாற்றை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்தால் அந்தக் கறுப்புக் குழம்புக்கான பாகு. ஊரில் எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். வெளியிலிருந்து யாராவது படகில் வந்து இறங்கினால், வணக்கம் சொல்வதற்கு முன்பே அவர்களுக்குச் சொல்வதும் இதைத்தானாம்.

"நீங்கள் உங்களுக்குத் தெரியும் என்றீர்கள். எங்களைப் போன்ற ஆட்கள்தானே என்று நினைத்துவிட்டேன், அண்ணை" என்று கட்டிலின் காலடியில் நின்று அழுதார்.

"அப்பா, அன்ரி ஏன் க்ரை பண்ணுறா?" என்று மகள் கேட்டாள். அவளுடைய கையில் அந்த அடியின் சிவப்பு இன்னும் ஆறவில்லை. மனைவி எழுந்துபோய் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த மகள் இப்போது எனக்கு மேலால் வளர்ந்து, காரோட்டி வேலைக்குப் போகிறாள். நீங்களும் நாங்களும் ஒரே மாதிரித்தான் என்று யாராவது ஒருவர் என்னிடம் அன்பாகச் சொல்லும்போதெல்லாம், அந்தக் கரண்டிக்கும் என் பிள்ளையின் வாய்க்கும் நடுவே இருந்த அந்தச் சாண் இடைவெளி கண்ணுக்குள் வந்து நிற்கும்; தெரியும் என்று தலையாட்டாமல், எனக்குத் தெரியாது, சொல்லுங்கோ என்று கேட்கிறேன்.